மாமியாரின் நாலு வெள்ளி ரூபாய்

பழைய காசு: கேள்வி – பதில்

பெரம்பூர் வாசகி: ஐயா, வணக்கம். என் மாமியார் போன மாசியில் தவறிவிட்டார். பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பாவில் நாலு வெள்ளி ரூபாய் வைத்திருந்தார். வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் போடுவதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும். அவருடைய மாமியார் கொடுத்தது என்பார். ராஜா தலை போட்டது இரண்டு, இரண்டிலும் 1835. ராணி தலை ஒன்று, 1840. இன்னொரு ராஜா, 1944. ஒரு நகைக்கடையில் காட்டினேன். 1944-ஐ மட்டும் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாதிதான் வெள்ளி, எல்லாமே டூப்ளிகேட், பூஜைக்கு வேணும்னா வச்சுக்குங்க" என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே கடையிலிருந்து போன், நாலையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம் என்று. என் கொழுந்தனார் நாலையும் சுண்டிப் பார்த்து, சத்தம் வராத 1840-தான் போலி, மற்றதெல்லாம் நல்ல காசு என்கிறார். மகன் ஒரு சின்னத் தராசு வாங்கி எடை போட்டான். 1840: 11.48 கிராம். 1944: 11.61. 1835 இரண்டும் 9.82, 9.87. படங்கள் இணைத்திருக்கிறேன். நாத்தனாருக்கு இரண்டு கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது?

முதலில் அந்த போன் விஷயம். டூப்ளிகேட் என்று தள்ளிவிட்ட சரக்கை இரண்டு நாள் கழித்து விலைக்குக் கேட்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். வாங்கப்போகிறவரிடமே போய் "இது அசலா?" என்று கேட்பது ரொம்பப் பேர் செய்கிற காரியம். சௌகார்பேட்டையில் ஒரு வெள்ளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எதிரே நிற்பவர் விற்க வந்தவரா, சும்மா விசாரிக்க வந்தவரா என்பதைப் பொறுத்துக் காசின் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு, ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் தராசு வாங்கினானே, அதுதான் சரியான ஆரம்பம்.

1944-க்கு வருவோம். மெஷின் பொய் சொல்லவில்லை. அந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. அடிக்கும்போதே அப்படித்தான் அடித்தார்கள். 1835-லிருந்து ரூபாயில் பன்னிரண்டுக்குப் பதினொரு பங்கு வெள்ளி, கடைக்காரர் கணக்கில் 91.6 டச். இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940-ல் அதைப் பாதியாக்கினார்கள். நூற்றுக்கு 50 வெள்ளி, 40 செம்பு, மீதியில் நிக்கல் ஐந்து, துத்தநாகம் ஐந்து. எடை மட்டும் பழைய 11.66 கிராமே. ஆகவே 1944 காசில் 50 டச் வந்தால் அது அசல் என்பதற்குச் சாட்சி. 91 வந்திருந்தால்தான் நான் புருவத்தைத் தூக்கியிருப்பேன். விளிம்பையும் பாருங்கள், நடுவே ஒரு பள்ளம் ஓடி அதற்குள் பொடி வேலைப்பாடு இருக்கும். கள்ளக்காசுக்காரனுக்குத் தொல்லை கொடுக்கவே கொண்டுவந்த விளிம்பு அது. பின்பக்கம் சின்னதாக 'எல்' எழுத்து இருந்தால் லாகூர் தங்கசாலையில் அடித்தது.

இன்ன வருஷத்துக் காசில் இன்ன உலோகம் இருக்க வேண்டும் என்பது தெரியாமல் எந்த மெஷினில் வைத்தும் பிரயோஜனமில்லை. காந்தம் வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் போலி, சரி. ஆனால் 1947-ல் வந்த புலி போட்ட ரூபாய் சுத்த நிக்கல். அது ஒட்டினால்தான் அசல்.

1840 ராணி. கொழுந்தனார் சுண்டிப் பார்த்தது நல்ல பழக்கம்தான், அந்தக் காலத்தில் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் செய்ததுதான். ஆனால் உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராணியின் தலைக்கு மேலே, விளிம்பை ஒட்டி, மங்கலாக ஒரு திட்டு தெரிகிறதே, அது பற்றவைத்த தடம். யாரோ ஒரு காலத்தில் வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், பிறகு அறுத்து எடுத்திருக்கிறார்கள். பற்று வைத்த காசும் கீறல் விட்ட காசும் எவ்வளவு நல்ல வெள்ளியானாலும் 'ணங்' என்று பாடாது. 11.48 கிராம் என்பது ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த ரூபாய்க்குக் கச்சிதமான எடை. எழுத்துகளும் சரியாக இருக்கின்றன. பின்பக்கம் வளையமாக ஓடும் இலைக்கொடி, நடுவில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ஒரு ரூபாய், சுற்றிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், கீழே வருஷம். எனக்கு அதில் சந்தேகமில்லை.

இனி அந்த இரண்டு 1835. இங்கேதான் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

காசு தேயும், எடை குறையும், எல்லாம் உண்மை. ஆனால் தேயும்போது முதலில் போவது மேடாக இருக்கும் இடங்கள்: காது, காதோர முடி, புருவம். உங்கள் படத்தில் வில்லியம் ராஜாவின் முடி கற்றை கற்றையாக நிற்கிறது. முடி தேயாமல் எடை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு கிராம் எங்கே போயிருக்கும்? அடுத்தது, இரண்டு காசிலும் ராஜாவின் மூக்குக்கு எதிரே ஒரு சின்னப் பள்ளம். ஒரே இடம், ஒரே சாய்வு, ஒரே நீளம். புழங்கிய காசுக்கு அடி விழும். ஆனால் இரண்டு காசுக்கு ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடி விழாது. அடிபட்ட ஒரு காசை மாதிரியாக வைத்துக் கருவெடுத்து இரண்டையும் வார்த்திருக்கிறார்கள். லென்ஸ் இருந்தால் எழுத்துகளுக்கு நடுவே பாருங்கள், குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் தெரியும், வார்க்கும்போது காற்று நின்ற இடங்கள். தங்கசாலையில் அடித்த காசின் எழுத்து சுவர் எழுப்பியது மாதிரி செங்குத்தாக ஏறும். வார்த்ததில் ஓரம் மழுங்கிச் சரிந்திருக்கும். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மெல்லிய கோடு தட்டுப்பட்டால் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. கோடு இல்லாமல் அரம் ராவிய தடம் இருந்தால் அதை மறைக்க ராவியிருக்கிறார்கள். வில்லியம் பெயருக்குப் பின்னால் வரும் நாலை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரோமன் எண்ணில் நாலு என்பதை நாலு குச்சியாகப் போட்டிருப்பதால் போலி என்று சிலர் சொல்வார்கள். அசலிலும் நாலு குச்சிதான்.

இன்னும் உறுதி வேண்டுமா? தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள், காசுக்கு ஒரு சேதமும் இல்லை. தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். சமையலறைத் தராசு ஆகாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். தையல் நூலால் காசைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். கை நடுங்குகிறவர்கள் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து அதில் நூலைக் கட்டலாம். இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். பழைய 91.6 வெள்ளிக்கு 10.3 பக்கம் வரும். உங்கள் 1840 காசுக்குத் தராசு ஏறத்தாழ 1.11 காட்ட வேண்டும். 1944-க்கு அடர்த்தி 9.5, தராசில் 1.22. பித்தளைக்கு மேல் முலாம் பூசியதோ பெயரில் மட்டும் வெள்ளி இருக்கிற ஜெர்மன் சில்வரோ ஆனால் 8.5-ஐ ஒட்டி நிற்கும். உங்கள் 1835 இரண்டிலும் 1.15 பக்கம் வரும் என்பது என் ஊகம். செய்து பார்த்து எழுதுங்கள். ஒரு விஷயம், வெள்ளியிலேயே வார்த்த போலியும் உண்டு. அதற்கு அடர்த்தி சரியாகத்தான் வரும், பள்ளமும் விளிம்பும்தான் காட்டிக்கொடுக்கும். கடை மெஷினும் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நாத்தனார் கேட்பார். 1840 என்று போட்டிருப்பதால் அந்த வருஷம் மட்டும் அடித்தது என்று நினைக்காதீர்கள். வருஷத்தை மாற்றாமல் 1862 வரைக்கும் அதையே அடித்துத் தள்ளினார்கள். நம் ஊர்த் தங்கசாலையும் அதில் சேர்த்தி. அது 1869-ல் மூடியாயிற்று, இப்போது தெருப் பெயரும் மிண்ட் பஸ் ஸ்டாண்டும்தான் பாக்கி. அதனால் 1840 ரூபாய் ஏராளமாகக் கிடைக்கிறது, அதிலும் உங்களுடையது பற்று வைத்தது. வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ராணியில் பத்தரை கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது, 1944-ல் ஆறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கொரு அசல், ஆளுக்கொரு போலி என்று பிரித்தால் பார்வைக்குச் சமம். ஆனால் இந்த வித்தியாசத்தை நாத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, எது வேண்டும் என்று அவரையே எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் கடையில் போய்த் தெரிந்துகொண்டால் அது வேறு கதை ஆகிவிடும்.

மேற்கு மாம்பலம் வாசகி: பழைய வெள்ளிக் காசுகளை விபூதி போட்டுத் துலக்கலாமா?

கூடாது. புளியும் கூடாது, பற்பசையும் கூடாது, சபீனா பேச்சையே எடுக்காதீர்கள். குங்குமமும் எண்ணெயும் ஏறியிருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். கறுப்பு இருந்தால் இருக்கட்டும். சேகரிப்பவர் காசு கொடுப்பதே அந்தக் கறுப்புக்குத்தான்.

அம்பத்தூர் வாசகர்: என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1818 என்று போட்ட ஒரு செம்புக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, இரண்டணா என்று இருக்கிறது. அரிசியை இழுக்கும் சக்தி உள்ளதாகவும், சோதனைக்கு முன்பணம் கட்டினால் வெளிநாட்டுப் பார்ட்டி கோடிக்கணக்கில் வாங்கும் என்றும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

தம்பி, அந்த ஆளுக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. 1616, 1717, 1818, 1839 என்று வாய்க்கு வந்த வருஷங்களைப் போட்டு ராமர், அனுமார், விநாயகர் உருவத்தோடு வரும் இந்தச் செம்பு வில்லைகள் கடைத்தெருச் சரக்கு. கோயில்களில் பூஜைக்காக அடித்த ராமடங்கா என்ற வில்லைகள் தனி. அவற்றில் சில நிஜமாகவே பழையவை, ஆனால் அவையும் செலாவணிக் காசு இல்லை.

கம்பெனி சாமி உருவமே போட்டதில்லை என்று யாராவது அடித்துச் சொன்னால் அதுவும் தப்பு. மதராஸில் புழங்கிய நட்சத்திரப் பகோடா என்ற தங்கக் காசில் பெருமாள் இருக்கிறார். வெள்ளி அரைப் பகோடாவில் ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள், மறுபக்கம் பெருமாள், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. அழகான காசு. ஆனால் அணாக் கணக்கு வேறு, பகோடாக் கணக்கு வேறு. மதராஸில் 42 பணம் ஒரு பகோடா, 80 காசு ஒரு பணம்.

அரிசி விஷயம்: செம்பு அரிசியை இழுக்காது. அரிசிக்குள் இரும்புத் தூளை ஏற்றிக் காசுக்கடியில் காந்தத்தை வைத்தால் இழுக்கும். இரிடியம், ரைஸ் புல்லிங் என்று இந்த வகை மோசடியில் பணத்தை விட்டவர்கள் நம் ஊரில் ஏகப்பட்ட பேர், படித்தவர்களும் உண்டு. இதே ரகத்தில்தான் பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், கமிஷனும் வரியும் முன்னால் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே வரும் செய்திகளும். எங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே அறிவித்துவிட்டது. விற்கிறவன் பணம் கட்டுகிற வியாபாரம் உலகத்தில் எங்கே உண்டு?

மயிலாப்பூர் வாசகி: பாட்டியின் காசுமாலையிலிருந்து தனியாக வந்த ஒரு சவரன் காசு இருக்கிறது. குதிரைமேல் வீரன், 1918. அசல் சவரனா?

காசுமாலையில் வருவதில் பெரும்பாலானவை ஆசாரி தட்டிய மெல்லிய வில்லைகள்தான், தங்கம் நிஜம், காசு நிஜமில்லை. அசல் இங்கிலாந்து சவரன் 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை அதிகம். நாம் சவரனை எட்டு கிராம் என்று கணக்குப் போடுவது அதை வைத்துத்தான். கொக்கி இருந்தால் எடை கூடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 22 காரட் என்பதால் தண்ணீர்ச் சோதனையில் 17.6 பக்கம் வரும்.

அப்புறம், 1918 என்பதால் ஒரு விஷயம். குதிரையின் காலுக்குக் கீழே தரை, அதற்கும் கீழே வருஷம். வருஷத்துக்கு மேலே தரையில் ஆங்கில 'ஐ' எழுத்து பொடியாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது பம்பாயில் அடித்தது. அந்த ஒரு வருஷம் மட்டும்தான் இந்தியாவில் சவரன் அடித்தார்கள். சவரனில் முழுத் தங்கத்திலேயே செய்த போலிகள் உண்டு. தங்கமாக விற்பதானால் அது உங்களைப் பாதிக்காது, சேகரிப்பவருக்கு விற்பதானால் பாதிக்கும். உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள்.

ராயபுரம் வாசகர்: அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் லண்டனில் வாங்கி வந்த 1808-ம் வருஷத்து 'இருபது காசு' நாணயம் ஒன்று எனக்கு வந்திருக்கிறது. செம்பு, ஆனால் நேற்று அடித்த மாதிரி கூர்மையாக இருக்கிறது. இருநூறு வருஷக் காசு இப்படி இருக்குமா? போலிதானே?

அவசரப்படாதீர்கள். மதராஸுக்காக இந்தக் காசுகளை பர்மிங்காமில் சோஹோ தங்கசாலையில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. பீப்பாய் பீப்பாயாக இருந்த பத்துக் காசு, இருபது காசுகளை 1980-களில் வெளியே எடுத்தார்கள். யார் கையிலும் புழங்காத சரக்கு, அதனால்தான் தேய்மானமே இல்லை. பல காசுகளில் கடல் மணல் அரித்த மங்கல் இருக்கும், பீப்பாயின் நடுவில் இருந்தவை தப்பித்திருக்கும். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னத்தில் இரண்டு சிங்கங்கள், மறுபக்கம் 'இருபது காசு நாலு ஃபுலூஸ்' என்று பாரசீகத்தில் எழுத்து, கீழே ரோமன் எண்ணில் இருபது. வாங்கிய சீட்டோ கூடவே வந்த அட்டையோ அப்பாவின் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். இந்தக் காசுக்கு அந்தக் காகிதம் ரொம்ப முக்கியம். மதராஸ் ரேவுக்கு வர வேண்டிய காசு, இவ்வளவு சுற்றிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

தாம்பரம் வாசகர்: தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் தாத்தா காலத்தில் கிடைத்த ராஜராஜன் செம்புக் காசு ஒன்று வைத்திருக்கிறோம். ஆயிரம் வருஷம் என்றால் லட்சக்கணக்கில் போகுமா? என் தங்கை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாள்.

ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. அதுதானே? வயதுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. ராஜராஜன் செம்புக் காசு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது, சாதாரண நிலையில் உள்ளதைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். அவ்வளவு மலிவு என்பதால் போலி செய்ய மாட்டார்கள் என்றில்லை. பச்சைக் களிம்பு உலோகத்தோடு இறுகிப் பிடித்திருக்கிறதா, மேலே பூசியது போல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுப் பகுதியில் அசலை நிதானமாக நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உங்களுடையதை எடுங்கள், பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

தங்கை விஷயம் கொஞ்சம் கவனம். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, காசு சில நூறு ரூபாய்தான் என்று விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. இனிமேல் அந்தக் கொல்லையில் ஏதாவது புதிதாகத் தட்டுப்பட்டாலும் வாயை மூடிக்கொண்டு எடுத்து வைக்காதீர்கள். பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருஷத்துச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. தங்கைக்கு நல்ல படமாக எடுத்து அனுப்புங்கள், காசு தாம்பரத்திலேயே இருக்கட்டும்.

(படம் அனுப்புகிறவர்களுக்கு: இரண்டு பக்கத்தோடு விளிம்பையும் எடுங்கள், எடையைக் கிராமில் இரண்டு புள்ளி வரை எழுதுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து எடுத்தால் போதும்.)